எக்ஸ்பொனென்ஷியலாம்!

நம் பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை 'எக்ஸ்பொனென்ஷியல் க்ரோத்' என்ற ஆண்டுவிழா மேடைப் பேச்சும், அந்த வார்த்தை தப்பு என்று சொன்னதற்கு நம் குரூப்பில் எனக்கு நடந்த அர்ச்சனையும் உங்களுக்கே தெரியும். மறுபடி ஆரம்பிக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். "கணக்கு டீச்சருக்கு வேற வேலை இல்லை"க்குக் கீழே இத்தனை சிரிப்பு பொம்மை விழுந்த பிறகு முடியவில்லை.

போன வருஷம் 412 பிள்ளைகள், இந்த வருஷம் 431. 19 பேர் கூடுதல். சந்தோஷம், நானும் கை தட்டினேன். ஆனால் அது 'எக்ஸ்பொனென்ஷியல் க்ரோத்' இல்லை சார். ரெண்டே ரெண்டு புள்ளியை வைத்து நேர்கோடும் போடலாம், வளைகோடும் போடலாம்.

அந்த வார்த்தைக்கு 'ரொம்ப வேகமாக' என்று அர்த்தம் கிடையாது. இருப்பது எவ்வளவோ, அதற்குத் தக்கபடி வளர்வது. அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு சதவீதம் என்று ஆமை மாதிரி வளர்ந்தாலும் அது எக்ஸ்பொனென்ஷியல்தான். நம் பாடப்புத்தகத்திலேயே அடுக்குக்குறி என்று அழகாக இருக்கிறது.

"மொழி மாறும் டீச்சர், இப்ப எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." மாறட்டும். 2020-ல் இதே குரூப்பில், கொரோனா மூன்று நாளைக்கு ஒருமுறை இரட்டித்தால் 100 பேர் ஒரே மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும் என்று நான் எழுதியபோது "பயமுறுத்தாதீங்க" என்றவர்களும் இவர்களேதான். அன்றைக்கு அந்த வார்த்தை கசந்தது, இன்றைக்கு மேடையில் இனிக்கிறது!

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது புத்தகம் இல்லை. அக்கா கல்யாணத்துக்கு அப்பா 20,000 ரூபாய் மூணு வட்டிக்கு வாங்கினார். மாசம் 600, நாலு வருஷத்துக்கு 28,800, ஆக மொத்தம் 48,800 என்று திண்ணையில் விரல் மடக்கி எண்ணி வைத்திருந்தார். கடன் கொடுத்தவர் மாதாமாதம் வட்டியை முதலோடு சேர்த்து எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். நோட்டைத் திருப்பிக் காட்டினார். 82,645. அப்பா அந்த எண்ணைத் திரும்பத் திரும்ப விரலால் தடவிப் பார்த்தார், ஏதோ மை அழிந்துவிடும் போல. ரெண்டு மாடு போனது. அம்மா கழுத்தில் கிடந்ததும் போனது.

இதைத்தான் "சின்ன வார்த்தைக்குப் போய் இவ்வளவு ஈகோவா" என்கிறீர்கள். ஈகோதான், வைத்துக்கொள்ளுங்கள்.

போகட்டும். அந்த 19 பேருக்கு பெஞ்சு எப்போது வருமாம்? ஆறாம் வகுப்பில் ஒரு பெஞ்சுக்கு ஐந்து பிள்ளைகள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஓரத்தில் இருப்பவன் இன்றைக்கு இரண்டு தடவை கீழே விழுந்தான்.