பழைய குழாயில் அழுத்த நீர் அடித்தால் உடைந்துவிடுமா?

"20 வருடத்துக்கு மேலான கழிவுநீர்க் குழாயில் அடைப்பெடுக்க அழுத்த நீர் அடித்தால் உடைந்துவிடும். காஸ்டிக் சோடா கொட்டி, கொதிநீர் ஊற்றினால் போதும்." சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் புலனக் குழுவில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. அதன் பின்பாதி ஆபத்தும்கூட.

பார்க்க வேண்டியது குழாயின் வயதை அல்ல, நிலைமையை. தோட்டக் காலத்து வீடுகளில் சுட்டமண் குழாயோ வார்ப்பிரும்புக் குழாயோ இருக்கலாம். விரிசலில்லாத மண்குழாய் 50 வருடமானாலும் தாங்கும். துருவேறி மெலிந்த இரும்பும், மூட்டு விலகிய குழாயும் தாங்காமல் போகலாம், அது உண்மைதான். அதனால்தான் முதலில் கேமரா விட்டுப் பார்க்கிறார்கள். அப்புறம் குழாய்க்கு ஏற்ப அழுத்தத்தையும் நாசிலையும் (நீர் பீய்ச்சும் முனை) மாற்றுகிறார்கள். வீட்டுக் குழாய்க்குப் பெரும்பாலும் 1,500 முதல் 4,000 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை. பார்க்காமலே அடிக்கிறேன் என்பவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சரி, காஸ்டிக் சோடா? தண்ணீர் பட்டாலே அது கடுமையாகச் சூடேறும். அதன்மேல் கொதிநீரும் ஊற்றினால் சீறித் தெறித்து முகத்தையும் கண்ணையும் பொசுக்கிவிடும். பிவிசி குழாய் அந்தச் சூட்டில் இளகி வளையும். எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து சவர்க்காரக் கட்டியாகி, அடைப்பு இன்னும் இறுகலாம். தனி மலத்தொட்டி உள்ள வீடென்றால், கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவும் சாகும்.

ஏற்கெனவே கொட்டிவிட்டீர்களா? குழாய் சுத்தம் செய்ய வருபவரிடம் வேலை தொடங்கும் முன்பே தயவுசெய்து சொல்லிவிடுங்கள். தெறிக்கும் நீர் முதலில் படுவது அவர் மேல்தான்.