குளக்கரையில் கூட்டம், பாற்கடலில் யாருமில்லை

கம்போடியா போகும் நண்பர் ஒருவர், அங்கோர் வாட் கோவிலில் சூரிய உதயம் பார்க்க எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டார். அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். உதயம் பார்க்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

நாங்களும் ஓடினோம். நாலரை மணிக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் டுக்டுக், ஐந்து மணிக்கு வாசல், அப்புறம் கைப்பேசி வெளிச்சத்தில் அகழியைத் தாண்டி இடதுபக்கக் குளக்கரையில் இடம் பிடிக்கும் போட்டி. கோவில் மேற்குப் பார்த்தது. அதனால் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து எழும். பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் நாள்களில் நடுக்கோபுர உச்சியிலேயே வந்து உட்காரும். நாங்கள் போன அன்று மேகம். முன்னால் நின்றவரின் செல்ஃபி குச்சியைத்தான் தெளிவாகப் பார்த்தேன்.

ஆறேகாலுக்கு எங்கள் டூர்க்காரர் கொடியை ஆட்டினார். டிபனுக்கு நேரமாகிவிட்டதாம். குளக்கரையே காலியானது. ஒரு நாள் டிக்கெட் 37 டாலர், அதை ஆம்லெட்டுக்காக விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. நானும் மனைவியும் கழன்றுகொண்டோம்.

பின்பக்கம் சுற்றிக் கிழக்குத் திருச்சுற்றுக்குப் போனோம். ஒரு ஈ, காக்கை இல்லை. மேகம் விலகி, தூண்களின் இடைவெளி வழியே வெயில் நேராகச் சுவரில் விழுந்தது. 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் சிற்பம். இடப்பக்கம் 92 அசுரர்கள், வலப்பக்கம் 88 தேவர்கள், நடுவில் ஆமை மேல் மந்தர மலை, அதையொட்டித் திருமால். அசுரர்களுக்கு உருண்டை விழி. கயிறாக இருக்கும் வாசுகிப் பாம்பின் வால் பக்கம் ஒரு குரங்கும் சேர்ந்து இழுக்கிறது.

கீழே குனிந்து பாருங்கள். ஓரங்களில் மீனும் முதலையும் நிம்மதியாக நீந்துகின்றன. மத்தை நெருங்க நெருங்கச் சுழலில் சிக்கித் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், கடலுக்குள் இருந்த மீன்கள் என்னவாகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்தச் சிற்பி யோசித்திருக்கிறான். எங்கள் பாட்டி தூணில் கட்டிய மத்தைக் கயிறு போட்டு இழுக்கும்போது உடம்பு பின்னால் சாயுமே, அதே சாய்வு வரிசை முழுக்க. முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம்.

மற்ற சுவர்களும் சளைத்தவை அல்ல. தெற்கே எருமை மேல் எமன், நரகங்கள். மேற்கே ஒரு பாதியில் குருட்சேத்திரம், அம்புப் படுக்கையில் பீஷ்மர். மறுபாதியில் இலங்கைப் போர். பல இடங்களில் கல் எண்ணெய் தேய்த்ததுபோல மின்னுகிறது. நம்மைப் போன்றவர்கள் தடவித் தடவி ஏற்றிய பளபளப்பு என்கிறார்கள். தொடாதீர்கள்.

இன்னொன்று. இதைத் தமிழ் மன்னன் கட்டினான் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதை நம்பிக்கொண்டு போய் அங்கே வழிகாட்டியிடம் சண்டை பிடிக்காதீர்கள் (எங்கள் குழுவில் ஒருவர் பிடித்தார்). கட்டியவன் கெமர் அரசன் இரண்டாம் சூரியவர்மன், 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், திருமாலுக்காக. பிறகு பௌத்தக் கோவிலானது. காம்போஜ (அதாவது கம்போடிய) அரசன் நம் சோழ மன்னன் முதலாம் ராஜேந்திரனுக்குத் தேர் அனுப்பியதாகக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. உறவு இருந்தது, அதற்காகக் கோவிலையே நமதாக்கிக்கொள்வது அநியாயம்.

ஐந்து நாளில் பதினைந்து இடம் என்று விற்கிறார்களே, அந்தப் பேக்கேஜ் டூர்களின் கோளாறே இதுதான். குளக்கரைப் படத்துக்கு நேரம் ஒதுக்குவார்கள், சுவருக்கு ஒதுக்க மாட்டார்கள். நாங்கள் திரும்பியபோது டிபன் முடிந்திருந்தது, வந்த டுக்டுக்கும் போய்விட்டிருந்தது. வாசலில் இளநீர் குடித்துவிட்டு வேறு டுக்டுக் பிடித்தோம்.

நண்பர் நாலு மணிக்கே அலாரம் வைக்கப் போகிறாராம். சரி, வைக்கட்டும். ஆறேகாலுக்கு டிபனுக்குத் திரும்ப மாட்டேன் என்று மட்டும் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.