நான் படிச்சுட்டுத்தான் வாங்கினேன், அண்ணா

சனிக்கிழமை பாட்லக்கில் (ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டு வர்ற விருந்து) நடந்ததை மறுபடி விவரிக்கப் போறதில்ல. இருந்தவங்களுக்குத் தெரியும். வராதவங்களுக்கு அன்னிக்கு ராத்திரியே வாட்ஸப்பில் போயிருக்கும், கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிற அந்த மஞ்சள் பொம்மையோட. பல் இன்சூரன்ஸ் நான் நினைச்ச அளவு பணம் தரலன்னு சொன்னதுக்கு ஒரு அண்ணா சொன்னார்: "பாலிசியப் படிச்சுட்டு வாங்கியிருக்கணும்மா. நாலு பக்கம் படிக்கிறதுக்கு என்ன?" எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன், இடது பக்கம் வாயைத் திறக்காம.

அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம்தான். கையில் புளியோதரைத் தட்டு. சுத்தி குழந்தைகள். அதோட அந்த அண்ணாவை எனக்குப் பன்னிரண்டு வருஷமா தெரியும். நாங்க அமெரிக்காவில் இந்த ஷ்ரூஸ்பரிக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் பனிக்குள்ள புதைஞ்சு கிடந்த எங்க காரைத் தோண்டி எடுத்துக் கொடுத்தவர். அதனால அன்னிக்கு வாயை மூடிக்கிட்டேன். இப்ப சொல்றேன்.

நான் படிச்சேன். நாலு பக்கம் இல்ல, 38 பக்கம்.

எங்க வீட்டுக்காரர் வேலையை விட்டுட்டு சொந்தமா தொழில் ஆரம்பிச்சப்ப கம்பெனி கொடுத்த பல் இன்சூரன்ஸும் போச்சு. தனியா ஒண்ணு வாங்கணும். மூணு பிளானைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எக்ஸலில் போட்டு, ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்கினேன். மாசம் 52 டாலர். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 100, 80, 50. க்ளீனிங், செக்கப், எக்ஸ்ரே எல்லாம் 100 சதவீதம். பல் அடைக்கிற மாதிரி சாதாரண வேலைக்கு 80. கிரவுன் (பல்லு மேல மாட்டற உறை), பிரிட்ஜ் (இல்லாத பல்லுக்குப் பதிலா பக்கத்துப் பல்லைப் பிடிச்சு வைக்கிறது) மாதிரி பெரிய வேலைக்கு 50. டிடக்டிபிள், அதாவது அவங்க கொடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நாம கொடுக்க வேண்டியது, 50 டாலர். சாதாரண வேலைக்கு ஆறு மாசம், பெரிய வேலைக்கு ஒரு வருஷம் காத்திருக்கணும். ஒரு வருஷத்தில் அதிகபட்சம் அவங்க கொடுக்கிறது 1,500. இவ்வளவும் தெரிஞ்சுதான் போன மார்ச்சில் கையெழுத்துப் போட்டேன்.

இந்த மே மாசம் இடது கீழ்க் கடைவாய்ப்பல் வலிக்க ஆரம்பிச்சப்ப, நம்ப மாட்டீங்க, கொஞ்சம் பெருமையாகூட இருந்தது. பதினாலு மாசம் ஆச்சு, காத்திருப்பெல்லாம் முடிஞ்சுது, டாக்டர் நெட்வொர்க்குக்குள்ள, அதாவது இன்சூரன்ஸோட ஒப்பந்தம் போட்டவங்க பட்டியலில் இருக்கார். பரவாயில்லயே, சரியாத்தானே பண்ணியிருக்கோம்னு.

ரூட் கெனால் 1,100. அது மேல கிரவுன் உட்கார பல்லைக் கட்டி எழுப்பறதுக்கு 240. கிரவுன் 1,150. மொத்தம் 2,490 டாலர். இதெல்லாம் நெட்வொர்க் விலை, அதாவது குறைச்ச விலை. என் கணக்குப்படி 1,500 அவங்க கொடுக்கணும், 990 நாங்க. அவங்க கொடுத்தது 950. எங்க கையை விட்டுப் போனது 1,540.

550 டாலர் எங்க போச்சு? அண்ணா, இங்கதான் கேளுங்க.

ரூட் கெனால் 80-ல் வரும்னு நினைச்சேன். இவரோட பழைய கம்பெனி பிளானில் அப்படித்தான் இருந்தது. இந்தப் பிளானில் அது 50. சுருக்கப் பக்கத்தில் சாதாரண வேலைக்கு உதாரணமா அடைப்பும் பல் பிடுங்குறதும் போட்டிருக்காங்க, பெரிய வேலைக்கு கிரவுன், பிரிட்ஜ், பல் செட். ரூட் கெனால் ரெண்டிலயும் இல்ல. 29-ம் பக்கத்தில் 'எண்டோடான்டிக்ஸ்' மூணாம் வகுப்பு, அதாவது பெரிய வேலைன்னு ஒரு வரி. அந்த வரியை நான் படிச்சேன். எண்டோடான்டிக்ஸ்னா ரூட் கெனால்னு அப்ப எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? சும்மா கேக்கறேன்.

கிரவுன் 50 சதவீதம். எதில் 50 சதவீதம்? டாக்டர் போட்டது பல் நிறத்தில் இருக்கிற பீங்கான் கிரவுன், 1,150. கடைவாய்ப்பல்லுக்கு உலோக கிரவுனே போதும்னு இன்சூரன்ஸ் முடிவு பண்ணி, அதுக்கு 850 விலை வெச்சு, அதில் பாதி 425 கொடுத்தாங்க. 'குறைந்த செலவில் செய்யக்கூடிய மாற்று சிகிச்சை'ன்னு 33-ம் பக்கத்தில் ஒரு பத்தி. வெள்ளை அடைப்பு வெச்சாலும் கடைவாய்ப்பல்லுன்னா வெள்ளி அடைப்போட விலைதான் கொடுப்பாங்களாம். நம்ம ஊர்ல இதைக் கேப்னு சொல்லுவோம், விஷயம் முடிஞ்சுது. இங்க கிரவுன், கிரீடம். எனக்குப் பித்தளைக் கிரீடம் போதும்னு சொல்லிட்டாங்க.

பல்லைக் கட்டி எழுப்பின 240? அது கிரவுன் வேலையிலேயே சேர்த்தி, தனியா தர முடியாதுன்னு நிராகரிச்சுட்டாங்க. சரி, சேர்த்தின்னா டாக்டரும் தனியா கேக்கக் கூடாதில்ல? கேக்கலாமாம். 'அனுமதி இல்லை'ன்னு போட்டிருந்தா கேக்கக் கூடாது, 'நிராகரிக்கப்பட்டது'ன்னு போட்டிருக்கிறதால கேக்கலாம். ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல 240 டாலர் இருக்கு.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஃபோனும் பண்ணினேன். 40 நிமிஷம் பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பொண்ணு வந்து, "யெஸ் மேம், கிரவுன் 50 சதவீதம் கவர் ஆகும்" அப்படின்னா. பொய் சொல்லல. யாருமே என்கிட்ட பொய் சொல்லல, அதுதான் விசேஷம். 100 உண்மை, 80 உண்மை, 50 உண்மை. 'கவர் ஆகும்'கிற ஒரு வார்த்தைக்குள்ள 38 பக்கம் இருக்கிறதை மட்டும் யாரும் சொல்லல.

அந்த இலவச க்ளீனிங் கதையையும் கேளுங்க. பிப்ரவரியில் நான் பண்ணிக்கிட்ட க்ளீனிங், செக்கப், எக்ஸ்ரேக்கு அவங்க கொடுத்த 210 டாலர், என்னோட 1,500-லேர்ந்தே கழிஞ்சுது. எல்லாப் பிளானிலும் இப்படி இல்ல, இதில் இப்படி. இவருக்கு க்ளீனிங்னு போனா, ஈறு இறங்கியிருக்கு, சாதாரண க்ளீனிங் போதாது, வேர் வரைக்கும் சுரண்டணும்னாங்க. பில்லில் போடற கோடு நம்பர்படி அது டி 1110 (சாதாரண க்ளீனிங்) இல்ல, டி 4341. வாயை நாலாப் பிரிச்சு ஒவ்வொரு கால்வாசிக்கும் தனி பில். பேர் என்னவோ ரெண்டுக்கும் க்ளீனிங்தான், ஒண்ணுக்கு 100, இன்னொண்ணுக்கு 80. மேல் வரிசையில் அவருக்கு ஒரு பல் திருச்சியில் பிடுங்கினது, கல்யாணத்துக்கு முன்னாடி. அங்க பிரிட்ஜ் போடலாமான்னு கேட்டோம். பாலிசி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இல்லாத பல்லுக்கு எதுவும் கிடையாதாம். இதைப் படிச்சப்பவே புரிஞ்சுது, அதனால புலம்பல.

"முன்கூட்டியே எழுதி அனுப்பி எவ்வளவு வரும்னு மதிப்பீடு வாங்கியிருக்கலாமே"ன்னு ஒரு அக்கா தனியா மெசேஜ் பண்ணியிருந்தாங்க. வாங்கியிருக்கலாம். ரெண்டு மூணு வாரம் ஆகும்னாங்க, எனக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வலி. கிரவுனுக்கு மட்டுமாவது வாங்கியிருக்கலாம், அது என் தப்பு.

"அந்த 52 டாலரை மாசாமாசம் தனியா எடுத்து வெச்சிருந்தா?" 728 ஆகியிருக்கும். தெரியும். கணக்கு எனக்கும் வரும். மேல போகலாம்.

ஆனா "ஊருக்குப் போய்ப் பண்ணிட்டு வந்திருக்கலாமே" இருக்கு பாருங்க, அதை மட்டும் என்னால விட முடியல. எங்க அத்தை பொண்ணு போன வருஷம் திருச்சியில் ரூட் கெனாலும் கேப்பும் சேர்த்து 11,000 ரூபாய்க்குப் பண்ணிக்கிட்டா. எனக்குத் தெரியாதா? நானே எத்தனை தடவை பல்வலியைப் பெட்டியில் ஊறுகாய் ஜாடியோட சேர்த்துக் கட்டிக்கிட்டு விமானம் ஏறியிருக்கேன்! மூணு வார லீவில் ஒரு வாரம் டென்டிஸ்ட் நாற்காலியில், நடுவுல ரெண்டு கல்யாணம், ஒரு வளைகாப்பு. வாயில் பாதி மரத்துப்போய் பந்தியில் உட்கார்ந்து, எச்சில் ஒழுகுறது தெரியாம சாப்பிட்டது நான்தான். இதை ஒரு திட்டம்னு சொல்றோம் பாருங்க. மே மாசம் பசங்களுக்குப் பரீட்சை, டிக்கெட் விலை தெரிஞ்சதுதான், பல் அதுக்கெல்லாம் காத்திருக்குமா? எட்டாயிரம் மைல் தள்ளி ஒரு டென்டிஸ்ட் இருக்கார்ங்கிறது இந்த ஊர் இன்சூரன்ஸ் ஒழுங்கா இருக்குன்னு ஆகிடுமா? ஊர்லயும் சாதாரண மெடிக்கல் பாலிசியில் பல்லைச் சேர்க்க மாட்டாங்க, விபத்துல அடிபட்டா ஒழிய. அங்க கையிலேர்ந்து கொடுக்க முடியுது, அவ்வளவுதான்.

இந்த நாட்டுல பல் உடம்பில் சேர்த்தி இல்ல. 1965-ல் வயசானவங்களுக்கு மெடிகேர்ங்கிற அரசாங்க இன்சூரன்ஸைக் கொண்டு வந்தப்பவே வழக்கமான பல் வைத்தியத்தை வெளியில தள்ளிட்டாங்க. 2010 ஒபாமா மெடிக்கல் இன்சூரன்ஸ் சட்டத்தில் குழந்தைகள் பல் அவசியமான பலன், பெரியவங்க பல் அவசியம் இல்ல. 18 வயசு வரைக்கும் பல், அதுக்கப்புறம் அலங்காரம் போல. பல் இன்சூரன்ஸ் இங்க ஆரம்பிச்சதே 1954-ல் மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் சங்கம் வெச்சுப் பேசி, தங்களோட பிள்ளைங்களுக்காக வாங்கினதுலேர்ந்துதான். சங்கம் பேசினா கிடைச்சுது. தனி ஆளா நான் எக்ஸலோட பேசினேன்.

நம்ம மாசசூசெட்ஸில் 2022 நவம்பரில் ரெண்டாவது கேள்வின்னு ஒண்ணு ஓட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கா? வாங்கற பிரீமியத்தில் 83 சதவீதமாவது பல் வைத்தியத்துக்கே செலவாகணும், இல்லேன்னா திருப்பிக் கொடுக்கணும்னு. பத்துக்கு ஏழு பேர் ஆமான்னு போட்டாங்க. நாங்க அப்ப கிரீன் கார்டு, ஓட்டு இல்ல. அந்த அண்ணா சிட்டிசன். "இதுல என்ன இருக்கு, விட்டுட்டேன்"னு அன்னிக்கு இதே மாதிரி ஒரு பாட்லக்கில் சொன்னார். நாலு பக்கம்கூட இல்ல அண்ணா, ஒரு பத்திதான். (அந்தச் சட்டம் வந்திருந்தும் எனக்கு 1,540 ஆச்சேன்னு கேப்பீங்க. 83 எல்லாரையும் சேர்த்துப் பார்க்கிற கணக்கு. வருஷ வரம்பு, காத்திருப்பு, பித்தளைக் கிரீடம் எதையும் அது தொடல.)

அந்த அண்ணாவுக்கு இதெல்லாம் தேவைப்படாது. அவர் கம்பெனி பிளானில் காத்திருப்பு கிடையாது, வருஷ வரம்பு 2,500, ரூட் கெனால் 80-ல். அதை அவர் படிச்சுப் பார்த்து வாங்கல. எச்.ஆர். அனுப்பின மெயிலில் ஒரு கட்டத்தை டிக் பண்ணினார். எந்தப் பக்கத்தில் எண்டோடான்டிக்ஸ் இருக்குன்னு சனிக்கிழமை நான் கேட்டிருக்கணும்.

எங்க அப்பா லால்குடியில் பள்ளிக்கூட வாத்தியார். எது கையில் கிடைச்சாலும் படிப்பார். பஸ் டிக்கெட்டோட பின்பக்கம், மருந்துச் சீட்டு, கடலை மடிச்சுக் கொடுத்த காகிதம். எல்.ஐ.சி. பாலிசி எடுக்கிறப்ப ஏஜென்ட் மாமாவைத் திண்ணையில் உட்கார வெச்சு, பென்சிலால ஒவ்வொரு வரியா கோடு போட்டு, "இதுக்கு என்ன அர்த்தம்?"னு கேட்டார். மாமா மூணு காபி குடிச்சார். ஆனா மூணு காபிக்கும் உட்கார்ந்து தமிழ்ல பதில் சொன்னார். புரியாத இடத்தில் "எனக்கும் தெரியல சார், கேட்டுட்டு வர்றேன்"னு போய், மறுநாள் வந்து சொன்னார். அந்தத் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் படிக்கக் கத்துக்கிட்டேன். அப்பாவுக்கும் கடைவாய்ப்பல்தான் போச்சு. கிராம்புத் தைலம் வெச்சு ரெண்டு மாசம் ஓட்டிட்டு, கடைசியில் திருச்சி பெரியாஸ்பத்திரியில் பிடுங்கிட்டு வந்தார். ரூட் கெனால்னு ஒண்ணு இருக்குன்னு அன்னிக்கு எங்களுக்கு யாரும் சொல்லல. பஞ்சைக் கடிச்சுக்கிட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டைப் படிச்சுக்கிட்டே பஸ்ஸில் வந்தார்.

படிக்கத் தெரியாதான்னு என்கிட்ட கேட்டீங்க, அண்ணா.

அந்த 240-க்கு மேல்முறையீடு எழுதியிருக்கேன். எக்ஸ்ரே, டாக்டர் கடிதம், பல் எவ்வளவு உடைஞ்சிருந்ததுன்னு ஒரு படம், எல்லாம் சேர்த்து 11 பக்கம். அவங்க படிப்பாங்களான்னு பார்க்கலாம். வேற யாருக்காவது இதே மாதிரி பில் வந்திருந்தா இன்பாக்ஸுக்கு வாங்க, வார்த்தைக்கு வார்த்தை சொல்றேன். சிரிச்சவங்களும் வரலாம்.

அடுத்த மாச பாட்லக் பட்டியலில் என் பேருக்கு நேரா முறுக்குன்னு போட்டிருக்கு. வேற யாராவது எடுத்துக்குங்க. நான் ரசம் கொண்டு வர்றேன்.