பிளெக்சிபல் கணக்குக்கும் டிவிடெண்ட் உண்டு

அண்ணே, நம்ம மலேசிய ஊழியர் சேமநிதி இபிஎஃப்ல, ஓய்வுக்கு முன்னாடியே காசு எடுக்கக்கூடிய பிளெக்சிபல் கணக்கைப் பத்தி, "பிளெக்சிபல் கணக்குல கிடக்குற காசுக்கு டிவிடெண்ட் கிடையாது, நிலவரமும் சரியில்ல, மொத்தத்தையும் எடுத்து நகை வாங்குங்க"ன்னு போட்டிருக்கீங்க. முதல் பாதியே தப்பு. 2024 மே மாசம் இபிஎஃப் மூணு கணக்கா பிரிஞ்சாலும் டிவிடெண்ட், அதாவது வருஷா வருஷம் சேர்ற லாபப் பங்கோட விகிதம் மூணுக்கும் ஒண்ணுதான். 2024க்கு 6.30 விழுக்காடு. ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) வருஷம் முழுக்க அசையாம கிடந்திருந்தா 63 வெள்ளி. நகைக்குக் கொடுக்குற கூலி விக்கும்போது திரும்பி வராது, அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

எடுக்கவே கூடாதுன்னு சொல்லல. குறைஞ்சது 50 வெள்ளி, எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். போன மாசம் இங்க சுங்கை சிப்புட்ல, செம்மண் ரோட்டுல என் மோட்டார் டயர் கிழிஞ்சு தொங்கிச்சு. 150 எடுத்தேன். மிச்சம் அங்கயேதான் இருக்கு.