தண்ணீர் குடிக்கலாமா? அந்த அட்டவணையின் மூன்றாவது வரி

இஸ்லாம், கிறிஸ்தவம், யூதம் என்று மூன்று மதங்களின் நோன்பையும் ஒரே கட்டத்துக்குள் போட்ட அந்தப் படம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், பாதிப் பேர் பகிர்ந்தும் இருப்பீர்கள். அதன் மூன்றாவது வரி, மூன்றுக்கும் சேர்த்து, "தண்ணீர் கூடாது ✗" என்கிறது. படத்தோடு போயிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். அதன் கீழே, நோன்பிலும் தண்ணீர் குடிக்கும் ஒரு கத்தோலிக்கப் பெண்ணிடம், "தண்ணீர் குடிச்சிக்கிட்டு இருக்கிறதுக்குப் பேரு நோன்பா?" என்று ஒருவர் கேட்டாரே, அதற்கு அத்தனை பேர் கைதட்டினார்களே, அதற்காகத்தான் இந்தப் பதிவு.

மூன்றும் ஒரே செயல் அல்ல. நாம் ஒரே பெயரில் கூப்பிடுகிறோம், அவ்வளவுதான். ஒன்றின் சட்டத்தை வைத்து இன்னொன்றுக்கு மதிப்பெண் போட முடியாது.

முதல் வரியிலேயே பிழை. ரமலான் நோன்பு "சூரிய உதயம் முதல் மறைவு வரை" என்று போட்டிருக்கிறது. இல்லை. பஜ்ர் (வைகறை) முதல் மஃரிப் (சூரிய மறைவு) வரை. பஜ்ருக்கும் உதயத்துக்கும் இடையில் பெரும்பாலான இடங்களில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருக்கும். இரவின் கடைசியில் கீழ்வானில் முதலில் செங்குத்தாக ஒரு வெளிச்சம் எழுந்து மங்கிவிடும். அது பொய் வைகறை. அப்போது சாப்பிடத் தடையில்லை. பிறகு அடிவானத்தை ஒட்டி இடமும் வலமுமாக ஒரு வெளுப்பு பரவும். அதுதான் சுப்ஹு ஸாதிக், உண்மை வைகறை. அதோடு சஹர், அதாவது நோன்புக்கு முந்தைய சாப்பாட்டு நேரம், முடிந்தது. கருப்பு நூலிலிருந்து வெள்ளை நூல் தெளிவாகும் வரை உண்ணலாம் என்று குர்ஆன் 2:187 சொல்வது இந்த வெளுப்பைத்தான். புதிதாக நோன்பு வைக்கும் ஒருவர் இந்தப் படத்தை நம்பி உதயம் வரை சாப்பிட்டால் அன்றைய நோன்பு செல்லாது, களா செய்ய வேண்டும், அதாவது பிறகு ஒரு நாள் ஈடாக நோற்க வேண்டும். மறந்துபோய்ச் சாப்பிடுவது வேறு. அதற்குப் பெரும்பாலான மத்ஹபுகளில் (இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில்) நோன்பு முறியாது. நேரத்தைத் தப்பாகக் கணக்கிட்டுச் சாப்பிட்டால் நான்கு மத்ஹபுகளிலும் களா உண்டு. மாதம் முழுக்க அப்படிச் செய்தால் 29 அல்லது 30 நாளும் கடனாக நிற்கும். இதைச் சின்னப் பிழை என்கிறார்கள்.

அடுத்தது "கிறிஸ்தவர்கள்: 40 நாள் உண்ணாமை". எந்தக் கிறிஸ்தவர்கள்? கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி கட்டாய நோன்பு இரண்டே நாள்: ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. அந்த நாட்களில் ஒரு வேளை முழுச் சாப்பாடு. மற்ற இரண்டு வேளை சிறிதளவு உண்ணலாம், இரண்டும் சேர்ந்து ஒரு முழுச் சாப்பாட்டின் அளவுக்கு வரக்கூடாது. தண்ணீருக்குத் தடையே கிடையாது. 18 வயது நிறைந்ததிலிருந்து 59 நிறையும் வரை இது கடமை. இறைச்சி தவிர்ப்பது தனிச் சட்டம். அது 14 வயதிலிருந்து, தவக்கால வெள்ளிகளுக்கும் சேர்த்து. இவற்றுக்குத் தமிழில் அழகான சொற்களே இருக்கின்றன: நோன்புக்கு ஒருசந்தி, இறைச்சி தவிர்ப்புக்குச் சுத்தபோசனம். ஒருசந்தி என்றாலே ஒரு வேளை உணவு. பெயரிலேயே ஒரு வேளை சாப்பாடு இருக்கும்போது, அந்தப் பெண் தண்ணீர் குடித்தது எப்படி ஏமாற்று ஆகும்?

40 என்ற கணக்கும் சபைக்குச் சபை மாறும். திருநீற்றுப் புதனிலிருந்து உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டருக்கு) முந்தைய சனி வரை எண்ணிப் பாருங்கள், 46 வரும். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40, ஏனென்றால் ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்று நோன்பில்லை. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெருநோன்பு திங்கட்கிழமை தொடங்கும், ஞாயிறும் கணக்கில் வரும். இறைச்சி, முட்டை, பால் எல்லாம் வாரக்கணக்கில் விலக்கு, மீனுக்கும் ஓரிரு திருநாளில்தான் அனுமதி. புராட்டஸ்டண்ட் சபைகள் பலவற்றில் அது அவரவர் மனசாட்சிக்கு விட்டது. இத்தனையும் ஒரே கட்டத்துக்குள், ஒரே டிக் குறியில்!

யூதர்களுக்கு "வருடத்தில் ஒரு நாள்" என்று போட்டிருப்பதும் தவறு. பொது நோன்புகள் ஆறு. அதில் யோம் கிப்பூர் (பாவநிவிர்த்தி நாள்), திஷா பாவ் (எருசலேம் ஆலயம் இடிந்ததற்கான துக்க நாள்) இரண்டும் மாலையில் தொடங்கி மறுநாள் இருட்டும் வரை, ஏறக்குறைய 25 மணி நேரம். மற்ற நான்கும் வைகறையிலிருந்து இருட்டும் வரைதான். யோம் கிப்பூரில் உணவும் நீரும் மட்டுமல்ல, குளியல், எண்ணெய் பூசுதல், தோல் செருப்பு, தாம்பத்தியம் எல்லாமே தடை. அதற்கு முந்தைய பகலில் நன்றாகச் சாப்பிடுவதும் கட்டளைதான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். உடல்நலமில்லாதவர் யோம் கிப்பூரில் சாப்பிட்டே ஆகவேண்டிய நிலை வந்தால், உயிர் காப்பதுதான் முதல் கடமை. ஆபத்து பெரிது என்றால் தேவையான அளவு உண்ண வேண்டியதுதான். கொஞ்சம் கொஞ்சமாக உண்டாலே போதும் என்று மருத்துவர் சொன்னால், அளவு பார்த்துக் கொடுப்பார்கள். ஒரு தடவைக்குச் சுமார் 30 மில்லி உணவு, ஒரு வாய் நிறைவதற்கும் குறைவான நீர், பிறகு ஒன்பது நிமிட இடைவெளி, மறுபடி அதே அளவு. நோன்பின் கனமும் உயிரின் மதிப்பும் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருக்கும் இடம் இது. "தண்ணீர் கூடாது ✗" என்ற ஒற்றைக் குறிக்குள் இதை எப்படி அடைப்பது?

"நல்லிணக்கத்துக்காகப் போட்டதில் குறை காண்கிறீர்கள்" என்பார்கள். நல்லிணக்கம்தான் எனக்கும் வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் வழிபாட்டை நமக்கு வசதியாகச் சுருக்கிவிட்டு அதை மரியாதை என்று சொல்லக் கூடாது. "மூன்றும் ஆபிரகாம் வழிதானே" என்றால், ஆம், உறவு உண்டு, மறுக்கவில்லை. அண்ணன் தம்பி என்பதற்காக இருவருக்கும் ஒரே மருந்துச்சீட்டு எழுத மாட்டோம்.

என்னை மிகவும் நோகடித்தது கடைசி வரி: "நோக்கம்: ஏழையின் பசியை உணர்தல்." மூன்றுக்கும் சேர்த்து! குர்ஆன் 2:183 சொல்லும் காரணம் தக்வா, இறையச்சம். யோம் கிப்பூருக்கு லேவியராகமம் சொல்வது தன்னைத் தாழ்த்துதல், பாவநிவிர்த்தி. தவக்காலம் இயேசு பாலைவனத்தில் இருந்த 40 நாளோடு சேர்ந்து மனந்திரும்பும் காலம். ஏழைக்குக் கொடுப்பது கூடவே வருவது உண்மை. ரமலான் முடிந்து வரும் பெருநாள் தொழுகைக்கு முன் பித்ரா என்ற தர்மத்தை ஏழைகளுக்குக் கொடுத்தாக வேண்டும். தவக்காலத்தில் ஜெபம், நோன்பு, தர்மம் மூன்றும் பிரியாதவை. யோம் கிப்பூர் காலையில் ஜெப ஆலயத்தில் வாசிப்பதே ஏசாயா 58, பசித்தவனோடு அப்பத்தைப் பகிராத நோன்பு எதற்கு என்று கேட்கும் பகுதி. ஆனால் அதற்காக, கடவுளுக்கு முன் நிற்கும் ஒருவரின் நாளை நாம் பசிப் பயிற்சி ஆக்கிவிட முடியாது.

இந்த அட்டவணைப் புத்தி படத்தோடு நிற்பதில்லை என்பதுதான் வருத்தம். ரமலானில் ஒரு பெண் சாப்பிடுவதைப் பார்த்து, "ஏன், இன்னிக்கு நோன்பு இல்லையா?" என்று கூட்டத்தில் கேட்கிறார்கள். மாதவிடாய் நாட்களில் அவர் நோன்பு வைக்கக் கூடாது என்பதே சட்டம். பிறகு அந்த நாட்களை எண்ணிக் களா செய்துவிடுவார். நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை உண்டு. தீராத நோயில் இருப்பவர் நாளுக்கு ஓர் ஏழை வீதம் உணவளிக்கிறார், அதுதான் பித்யா. நான்கு பேர் முன்னால் கேட்ட கேள்விக்கு அவர்கள் என்ன பதில் சொல்வார்கள்? தங்கள் உடம்பின் கணக்கையா?

படத்தைச் செய்தவர் இதைப் படித்தால், படத்தை எடுத்துவிடக்கூட வேண்டாம். "உதயம்" என்பதை "பஜ்ர்" ஆக்குங்கள். "40 நாள் உண்ணாமை"யை அடியுங்கள். மூன்றாவது வரியை மொத்தமாக நீக்கிவிடுங்கள். ரமலான் பிறை தெரிவதற்குள் செய்தால் நல்லது. அந்தப் பெண்ணிடம் அப்படிக் கேட்டவர், அதே இடத்திலேயே எல்லோரும் பார்க்க மன்னிப்புக் கேட்கட்டும்.