ஏக்கருக்கு 22 ரூபாய்

எத்தியோப்பியாவின் மேற்குக் கோடியில், தெற்கு சூடான் எல்லையை ஒட்டி இருக்கிறது காம்பெல்லா. 2010-இல் அங்கே 1,00,000 ஹெக்டேரை 50 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது பெங்களூரைச் சேர்ந்த கருத்தூரி நிறுவனம். அதுவரை ரோஜா ஏற்றுமதிக்குப் பேர்போனவர்கள். சென்னை மாநகராட்சியைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான நிலம். குத்தகையோ ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 20 பிர் (எத்தியோப்பிய நாணயம்). அன்றைய மதிப்பில் ஏக்கருக்கு ஏறத்தாழ 22 ரூபாய், நாலு டீக் காசு.

“சும்மா கிடக்கிற நிலம்தானே, சாகுபடிக்கு வந்தால் நல்லதுதானே” என்று இன்றும் சொல்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். அங்கே வாழும் அனுவாக் மக்கள் ஒரு துண்டைத் திருத்திச் சோளமும் மக்காச்சோளமும் போடுவார்கள். மண் களைத்ததும் ஆறப்போட்டுவிட்டு அடுத்த துண்டுக்குப் போவார்கள், சில வருஷம் கழித்துத் திரும்பி வருவார்கள். பாரோ ஆற்றில் வெள்ளம் வடிந்த பிறகு கரையோர ஈரத்தில் தனியாக ஒரு விதைப்பு. காட்டில் தேனும் கிழங்கும், ஆற்றில் மீனும் உண்டு. தலைநகரில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்ப்பவருக்கு இது அத்தனையும் வெறும் புதர்!

நிலம் அரசுக்கும் மக்களுக்கும் பொது என்கிறது எத்தியோப்பியாவின் 1995 அரசியல் சாசனம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது மட்டும் அரசு. அதே 2010-இல் மக்களைப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றும் திட்டமும் தொடங்கியது. விரும்பித்தான் போகிறார்கள் என்றது அரசு. மிரட்டி அனுப்பினார்கள் என்று 2012-இல் அறிக்கை வெளியிட்டது ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு.

சரி, எடுத்தவர்களாவது விளைவித்தார்களா? 2011-இல் பாரோ பெருகி மக்காச்சோளத்தை வாரிக்கொண்டு போனது. ஆறு எதுவரை ஏறும் என்பதை ஊர்க்காரரிடம் கேட்டாலே போதுமே. 2015 இறுதியில் அரசே குத்தகையை ரத்து செய்தது. 1,200 ஹெக்டேர்தான் சாகுபடிக்கு வந்தது என்று காரணம் சொன்னார்கள்.

மொசாம்பிக் 1997-லேயே சட்டம் போட்டுவிட்டது: வழிவழியாகப் பயிர் செய்பவருக்குக் காகிதம் இல்லாவிட்டாலும் உரிமை உண்டு, வாய்ச்சாட்சி செல்லும், முதலீட்டாளர் ஊரைக் கலந்தே ஆக வேண்டும். நல்ல சட்டம். ஆனாலும் பெயருக்கு ஒரு கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்கிப்போன கதைகள் அங்கேயும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், முதலில் ஆறப்போட்ட நிலம், மேய்ச்சல், காடு எல்லாம் சேர்த்து ஊர் எல்லையை அளந்து பதிய வேண்டும். கம்பெனியோடு பேச்செல்லாம் அப்புறம்.

2013-இல் ஒடிசாவின் நியாம்கிரியில் 12 கிராம சபைகள் சுரங்கம் வேண்டாம் என்றபோது இங்கே கைதட்டினோம். தனியார் நிறுவனத்துக்கு நிலம் எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம் சம்மதிக்க வேண்டும் என்று அதே ஆண்டு சட்டமும் வந்தது. கடல் தாண்டினால் மட்டும் இந்த நியாயம் செல்லாதா? வெளிநாட்டில் நிலம் எடுக்கப் போகும் இந்தியக் கம்பெனிக்கு நம் வங்கிகள் கடன் கொடுக்குமுன், அந்த ஊர் கூடிப் போட்ட தீர்மானத்தைக் கொண்டு வா என்று கேட்பதில் என்ன கஷ்டம்?