அம்மாவை வில்லியாக்காத புத்தகம்

பெற்றோரின் போதைப் பழக்கத்தைச் சொல்லும் கதைகள் பதின்ம வயதினருக்கு வேண்டாம், மனசு தாங்காது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அப்படியொரு வீட்டில் வளரும் பிள்ளை இதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. வெளியே சொல்லத்தான் வழியில்லை.

ஜாரெட் குரோசோஸ்காவின் 'ஹே, கிட்டோ' (2018) படித்துப் பாருங்கள். நாவல் இல்லை, தன் சொந்தக் கதையையே படக்கதையாக வரைந்திருக்கிறார். அம்மா ஹெராயினுக்கு அடிமை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தாத்தா பாட்டிதான் வளர்க்கிறார்கள். சிறையிலிருந்து அம்மா எழுதிய நிஜக் கடிதங்கள் பக்கங்களில் அப்படியே வருகின்றன, மகனுக்காக அவர் வரைந்த படங்களோடு. பாசத்தில் பொய்யே இல்லை, ஆனால் ஆள்தான் பக்கத்தில் இல்லை. பையனுக்கு அம்மாமேல் கோபமும் ஏக்கமும் சேர்ந்தே வருவதை இவ்வளவு நேர்மையாக நான் வேறெங்கும் படித்ததில்லை.

பாட்டியையும் தெய்வமாக்கவில்லை. ஓயாத சிகரெட், வாயைத் திறந்தால் வசவு. அப்புறம், பேரனை ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டதும் அந்தத் தாத்தா பாட்டிதான்.

எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி நூலகங்களில் இதைத் தாராளமாக வைக்கலாம்.